எந்த மரக்காலால் அளந்தது?

2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0 பதிப்பில் தமிழுக்கென்று இரண்டாவதாக ஒரு தொகுதி சேர்ந்தது. அதில் 51 குறிகள். முந்திரி, அரைக்காணி, காணி, மா, வீசம் என்று தொடங்கி முக்கால் வரை போகும் பின்னங்கள், நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், பொன், வராகன், குழி, வேலி, நன்செய், புன்செய், உப்பளம், செலவு, இருப்பு, ஆகமொத்தம், வகையறா. காவிரிப் படுகையில் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கர்ணம் கையில் வைத்திருந்த கணக்குச் சுவடியின் சொற்களஞ்சியம் ஏறக்குறைய அப்படியே அங்கே இருக்கிறது.

இந்தக் குறிகளை எழுதிய கைகள் இப்போது இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியையும் நெல்லிலக்கத்தையும் வாய்ப்பாடமாக ஒப்பித்து வளர்ந்த தலைமுறை போய்விட்டது. மெட்ரிக் அளவைகள் சட்டமாயின. 1980இல் தமிழக அரசு கர்ணம் பதவியை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரை நியமித்தது. ஆனாலும் அந்தக் கைகள் எழுதியவை ஓலையிலும் கல்லிலும் காகிதத்திலும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றி, தேடவும் கூட்டவும் ஒப்பிடவும் தக்கதாக வலையில் வைக்க வேண்டுமானால் இரண்டு படிகளைத் தாண்டியாக வேண்டும். ஒன்று, குறியை எழுதுவது. இன்னொன்று, அந்தக் குறி எவ்வளவைச் சொல்கிறது என்பதை இயந்திரத்துக்குப் புரியும்படி பதிவது. முதல் படியை யூனிகோடு முடித்துவிட்டது. இரண்டாவது படி மார்க்கப் மொழிகளின் வேலை. அங்கே என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, எந்தச் சான்றோடு போவது என்பதைப் பற்றித் தமிழில் போதிய பேச்சு நடக்கவில்லை என்பதே என் கவலை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலிருந்தே தொடங்கலாம். முதலாம் இராஜராஜன் (985–1014) கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் முதலில் அளந்தபடி மொத்த நிலம். பிறகு அதிலிருந்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவை கழிகின்றன. மிஞ்சியதுதான் இறை கட்டும் நிலம். அந்த நிலத்துக்கு இத்தனை கலம் நெல். வேலியில் தொடங்கும் கணக்கு மா, காணி, முந்திரி என்று இறங்கி, அதற்கும் கீழே போகிறது.

எவ்வளவு கீழே? வரலாற்று நூல்கள் வியப்போடு எடுத்துக்காட்டும் பின்னம் ஒன்று உண்டு: ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் முறை விளங்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. ‘கீழ்’ என்று சேர்த்தால் அது மறுபடியும் 320இல் ஒரு பங்காகும். 320ஐ நான்கு முறை பெருக்கி, அதை மேலும் ஐந்தால் பெருக்கினால் மேற்சொன்ன எண் வந்துவிடும். இன்றைய டெல்டா வழக்குப்படி குழிக்கு 144 சதுர அடி, மாவுக்கு 100 குழி, வேலிக்கு 20 மா என்று வைத்துக்கொண்டால், அந்தப் பங்கின் பரப்பு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவில் நிற்கும். ஒரு நெல்மணி விழக்கூட அதில் இடமில்லை.

யாரும் கோலை வைத்து இதை அளக்கவில்லை. சோழர் காலத்து நில அளவையின் நுட்பத்துக்கு இதைச் சான்றாகக் காட்டிப் பெருமைப்படுவோர் உண்டு. அது பொருத்தமில்லாத பெருமை. இது கூட்டல் கழித்தலில் பிறந்த எண். நீள அகலங்களைப் பெருக்கி, ஏழெட்டு இனங்களைக் கழித்து, எந்த இடத்திலும் மிச்சத்தைத் தள்ளிவிடாமல் கடைசிவரை கொண்டுபோனால் இவ்வளவு சின்னப் பின்னம் வந்தே தீரும். என்னை வியக்க வைப்பது அந்தக் கணக்கரின் பிடிவாதம்தான். ‘கீழ்’ என்ற ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்ப இட்டு எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம் என்பது, எண்முறையாகப் பார்த்தால், மிகச் சிக்கனமான ஏற்பாடு. அந்தக் ‘கீழ்’ குறிக்கும் இப்போது யூனிகோட்டில் தனி இடம் உண்டு.

அந்த இடம் சும்மா கிடைத்ததில்லை. பின்னங்களையும் கணக்குக் குறிகளையும் சேர்க்கக் கோரும் விரிவான முன்மொழிவை ஸ்ரீரமண சர்மா 2012இல் யூனிகோடு குழுவிடம் அளித்தார். தரத்துக்குள் அவை நுழைந்தது 2019இல். நடுவில் திருத்தங்கள், சான்றுப் படங்கள், பெயர்கள் பற்றிய விவாதம், பன்னாட்டுத் தர அமைப்பின் சம்மதம் என்று பல படிகள். இந்தக் காலதாமதத்தை நான் குறையாக நினைக்கவில்லை. யூனிகோட்டில் ஓர் எழுத்து நுழைந்துவிட்டால் நீக்க முடியாது; அதன் பெயரைக்கூட மாற்ற முடியாது. நம் ஆய்த எழுத்துக்கு அங்கே ‘விசர்க்கம்’ என்று பெயர். 1991இலேயே அப்படிப் பதிந்துவிட்டது. பிழை என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதலாமே தவிர, பெயர் பெயர்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஏழு ஆண்டுகள் பேசுவது நல்லதே.

விவாதத்தின் தன்மையைக் காட்ட ஒரு குறியே போதும். கால் என்பதற்கான குறி பார்வைக்கு ‘வ’ எழுத்துத்தான். ஏற்கெனவே ‘வ’ இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? இந்தக் கேள்வி நியாயமானது. ஒரே வடிவத்துக்கு இரண்டு குறியெண் இருந்தால் தேடுவதில் குழப்பம் வரும், ஏமாற்று வேலைகளுக்கும் இடம் உண்டு. மறுபக்கம், ௧, ௭, ௮ ஆகிய எண்களும் க, எ, அ ஆகிய எழுத்துகளைப் போலவே இருக்கின்றன. அவற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே தனிக் குறியெண்கள் உண்டு. கணக்கில் வரும் ‘வ’ கூட்டப்பட வேண்டியது. சொல்லில் வரும் ‘வ’ படிக்கப்பட வேண்டியது. தனி இடம் தரப்பட்டதும், யூனிகோட்டின் தரவுக் கோப்பில் அதற்கு எண் மதிப்பும் சேர்ந்தது. கால் குறிக்கு நேராக நாலில் ஒன்று என்றும் முந்திரிக்கு நேராக 320இல் ஒன்று என்றும் அங்கே எழுதியிருக்கிறது. மென்பொருள் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம்.

இதே காலத்தில் நடந்த வேறொரு விவாதம் தஞ்சைக்கு இன்னும் நெருக்கமானது. சரசுவதி மகால் நூலகத்தில் கிரந்த எழுத்தில் எழுதிய சுவடிகள் ஏராளம். கிரந்தத்தை யூனிகோட்டில் தனி எழுத்துமுறையாகச் சேர்ப்பதில் பெரிய மறுப்பு எழவில்லை. ஆனால் 2010இல் இந்திய அரசின் வழியாகப் போன முன்மொழிவு எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளையும் கிரந்தத் தொகுதிக்குள் கேட்டது. கிரந்த ஏடுகளில் தமிழ்ச் சொற்கள் கலந்து வருகின்றன, அவற்றை எழுத வேண்டாமா என்பது கேட்டவர்களின் வாதம். தமிழுக்கே உரிய எழுத்துகளை இன்னொரு தொகுதியில் இரட்டிப்பாக்கினால் தமிழின் தனித்தன்மை கரையும், நாளை தமிழையே கிரந்தத்தில் எழுதும் வழி திறக்கும் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணி எதிர்த்து எழுதினார். 2010 நவம்பரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி முடிவைத் தள்ளிவைக்கக் கோரி மத்திய அமைச்சர் ஆ. இராசாவுக்குக் கடிதம் அனுப்பினார். கடைசியில் 2014இல் யூனிகோடு 7.0இல் கிரந்தம் நுழைந்தபோது அந்தத் தமிழ் எழுத்துகள் அதில் இல்லை.

எதிர்ப்பில் மிகை இருந்தது உண்மை. ஆனால் அந்த மிகைக்குள் சரியான ஒரு உள்ளுணர்வும் இருந்தது: தரம் என்பது தொழில்நுட்பர்கள் மட்டும் உட்கார்ந்து முடிக்கும் காரியமில்லை, அதனால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அதில் பேச உரிமை உண்டு. நான் வருந்துவது வேறொன்றுக்காக. எழுத்துக்காகத் தெருவுக்கு வந்த அக்கறை, அளவுகளுக்காக வரவில்லை. எழுத்து அடையாளம் என்பதால் அதற்குக் குரல் எழும். அளவு வெறும் கணக்கு என்று நினைத்துவிடுகிறோம்.

புதிய தொகுதியை நெருங்கிப் பார்த்தால் அதன் எல்லை தெரிகிறது. முகத்தல் வாய்ப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இந்தப் படிக்கட்டில் செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு ஆகியவற்றுக்குப் புதிய தொகுதியில் குறி உண்டு. உரி, நாழி, தூணி, கலம் ஆகியவற்றுக்கு இல்லை. டெல்டாவின் நெல்கணக்குக்கு உயிரான கலமே இல்லாத பட்டியலை அளவைகளின் பட்டியல் என்று யாரும் கொள்ள முடியாது. அது எழுத்துருவங்களின் பட்டியல். அவ்வளவு சொல்லத்தான் அது வந்தது. இன்னொன்று: பின்னங்களுக்கு எண் மதிப்பு தந்த அதே தரவுக் கோப்பு, குறுணியையும் வேலியையும் வெறும் ‘குறி’ என்றே வகைப்படுத்துகிறது. மதிப்பு ஏதும் இல்லை.

மதிப்பு இல்லாதது சரிதான் என்று சொல்வேன். காலுக்கு எங்கும் என்றும் ஒரே மதிப்பு. குறுணிக்கு அப்படியில்லை. ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு, குறுணியை அளக்கும் மரக்கால் வேறு. தஞ்சைக் கல்வெட்டை எழுதியவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நெல்லைச் சொல்லும் இடத்தில் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்று சொல்லி, அது ‘இராசகேசரி’ மரக்காலோடு ஒத்தது என்றும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர்; மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். நிலத்துக்கும் இதே கவனம் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் மாவுக்கு நூறு குழி, 128 குழி, 256 குழி என்று இடத்துக்கு இடம் வேறுபட்ட கணக்குகள் வருகின்றன; பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்று கோலின் நீளமும் சொல்லப்படுகிறது. எண்ணைச் சொன்னவர் எண்ணின் அளவுகோலையும் பக்கத்திலேயே சொன்னார். ஆயிரம் ஆண்டுக்குப் பின் வந்து படிக்கிற நமக்கு அந்தத் துணைச்சொல்தான் கணக்கைத் திறந்து தருகிறது.

இந்தத் துணைச்சொல்லை வலையில் எங்கே வைப்பது?

வலைப்பக்கங்கள் எழுதப்படும் எச்டிஎம்எல்லில் ‘டேட்டா’ என்று ஒரு டேக் உண்டு. மனிதர் படிக்கும் சொல்லை உள்ளே இட்டு, இயந்திரம் படிக்கும் மதிப்பைப் பக்கத்தில் சேர்க்கலாம். ‘ஒரு மா’ என்று எழுதி 0.05 என்று மதிப்பிடலாம். இந்த டேக் வந்த கதை, மார்க்கப் தரத்தில் விவாதம் எப்படி நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். 2011 அக்டோபர் கடைசியில் எச்டிஎம்எல்லின் பதிப்பாசிரியர் இயான் ஹிக்சன், தேதியையும் நேரத்தையும் குறிக்க இருந்த ‘டைம்’ டேக்கை எடுத்துவிட்டு, பொதுவான ‘டேட்டா’வை வைத்தார். தேதிக்கு மட்டும் தனி டேக் எதற்கு, எல்லா மதிப்புக்கும் ஒன்று போதும் என்பது அவர் வாதம். ‘டைம்’ டேக்கை அதற்குள் பலர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது, நவம்பரிலேயே அது திரும்ப வந்தது, ‘டேட்டா’வும் தங்கிவிட்டது. பயன்படுத்துகிறவர்களின் குரல் பதிப்பாசிரியரின் ஒழுங்குணர்வை வென்றது. எச்டிஎம்எல் வடிவமைப்புக் கொள்கைகளில் இதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள்: முரண்பாடு வந்தால் முதலில் பயனர், பிறகு பக்கம் எழுதுகிறவர், பிறகு உலாவி செய்கிறவர், பிறகு தரம் எழுதுகிறவர், கடைசியில்தான் கோட்பாட்டுத் தூய்மை.

ஆனால் நம் வேலைக்கு இரண்டு டேக்குகளுமே போதாது. ‘டைம்’ டேக் கிரிகோரியன் நாட்காட்டியை மட்டும் ஏற்கும். ஆட்சியாண்டு இருபத்தொன்பது என்று கல்லில் இருந்தால் அதைக் கிறித்துவ ஆண்டாக மாற்றித்தான் கொடுக்க முடியும். ௵ என்று குறியிட்டு எழுதிய அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் அதற்குப் புரியாது. ‘டேட்டா’வில் 0.05 என்று போட்டால், எதில் 0.05? வேலியிலா, வேறெதிலாவதா? அந்த வேலி எந்தக் கோலால் அளந்தது? அலகைச் சொல்ல அங்கே தனி இடம் இல்லை.

எச்டிஎம்எல்லிடம் ‘வேலி’ என்று ஒரு டேக் கேட்கலாமா? சில நண்பர்கள் ஆர்வத்தோடு அப்படிச் சொல்கிறார்கள். கூடாது என்பது என் எண்ணம். எச்டிஎம்எல்லைப் பராமரிக்கும் வாட்விஜி அமைப்பில் புதிய அம்சம் சேர வேண்டுமானால், குறைந்தது இரண்டு உலாவி எஞ்சின்கள் அதைச் செய்யத் தயாராக இருக்க வேண்டும். சோதனைகள் எழுதப்பட வேண்டும். உலகெங்கும் உள்ள ஒவ்வொரு கைபேசியும் சுமக்க வேண்டிய பாரம் அது. ஒரு எழுத்துப் பண்பாட்டின் தேவை அந்தத் தடையைத் தாண்டிய கதையும் உண்டு: சப்பானிய எழுத்தின் தலைமேல் உச்சரிப்பைச் சின்ன எழுத்தில் காட்டும் ‘ரூபி’. அது 2001இல் டபிள்யூ3சியின் தனித் தரமாகி, பின்னர் எச்டிஎம்எல்5இல் கலந்தது. ஆனால் ரூபி ஒவ்வொரு சப்பானிய வாசகருக்கும் அன்றாடம் கண்ணில் படுவது. பழைய நிலக்கணக்கு அப்படியானதில்லை. தேவை உண்மையானதாக இருந்தாலும், அதைச் சரியான மேசையில் வைக்க வேண்டும்.

சரியான மேசை டெஐ. பழம்பிரதிகளையும் ஆவணங்களையும் கணினி படிக்கும்படி குறிக்க 1987இல் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள் தொடங்கியது அது. எண்ணைக் குறிக்க, அளவைக் குறிக்க, தரத்தில் இல்லாத எழுத்துருவத்தைக் குறிக்க என்று அதில் தனித்தனி டேக்குகள் உள்ளன. அதன் கல்வெட்டுக் கிளையான எபிடாக் கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளுக்காகப் பிறந்தது. ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுவின் நிதியில் 2019இல் தொடங்கிய தர்மா திட்டம் அதே முறையைத் தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் கொண்டுவந்தது. டெஐயில் புதிய அம்சம் வேண்டுமானால் யாரும் கோரிக்கை வைக்கலாம். அதன் குழு விவாதித்து முடிவெடுக்கும். உலாவி நிறுவனங்களின் சம்மதம் தேவையில்லை.

அங்கே நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். அதுவும் நெல் நாட்டுக்காரர். சப்பானில் 927இல் தொகுத்து முடிக்கப்பட்ட எங்கிஷிகி என்ற அரச நிர்வாக நூலில் வரியும் படையலும் கொகு, தோ, ஷோ என்ற அரிசி அளவைகளில் வருகின்றன. இந்த அளவைகளும் காலத்துக்குக் காலம் மாறியவை. அதை டெஐயில் குறிக்க முயன்ற சப்பானிய ஆய்வாளர்களுக்கு, ‘இந்த அலகு என்றால் இது’ என்று ஆவணத்தின் தலைப்பிலேயே அறிவிக்க இடம் இல்லாதது தடையாயிற்று. குறையோடு அவர்கள் நிற்கவில்லை. சான்றுகளைத் தொகுத்து, மாதிரி காட்டி, கட்டுரை எழுதி, கோரிக்கை வைத்தார்கள். இன்று டெஐயில் அலகுகளை அறிவிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. ஓர் அலகின் பெயர், அது எந்த இடத்தில் வழங்கியது, இன்னோர் அலகாக மாற்றும் சூத்திரம், அந்தச் சூத்திரம் பொருந்தும் காலம் ஆகியவற்றை அதில் பதியலாம்.

எங்கிஷிகியும் இராஜராஜனின் கல்வெட்டும் ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குள் எழுந்தவை. சப்பானியருக்கும் நமக்கும் இந்தத் துறையில் பழைய உறவும் உண்டு. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைக் கணினியில் ஏற்றி உருவாக்கிய தொகுப்பு 1978இல் மதுரையில் வெளியாயிற்று. தனிமேசைக் கணினி வீட்டுக்கு வராத காலம். தமிழ் எழுத்துக்கு யூனிகோடு வர இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. சுப்பராயலு பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறையில் பணியாற்றியவர். சோழர் கால நில அளவைகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவர் உழைப்பில் வந்தது. ஆகவே அறிவு இல்லாமல் நாம் நிற்கவில்லை. அந்த அறிவை இயந்திரம் படிக்கும் அறிவிப்பாக எழுதிவைக்கும் வேலைதான் நிற்கிறது.

அந்த அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும்? இதில்தான் விவாதம் வேண்டும். எனக்குத் தோன்றுகிற சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் பிரச்சினை, பின்னத்தின் மதிப்பை எப்படி எழுதுவது என்பது. தமிழ்ப் பின்னங்களுக்கு ஓர் அழகு உண்டு. 320 என்பது இரண்டையும் ஐந்தையும் மட்டும் காரணிகளாகக் கொண்ட எண். அதனால் முந்திரி 0.003125, காணி 0.0125, மா 0.05, வீசம் 0.0625 என்று எல்லாமே தசமத்தில் முடிந்துவிடும். மூன்றில் ஒன்றைப் போல 0.333 என்று முடிவில்லாமல் ஓடாது. எத்தனை ‘கீழ்’ போட்டாலும் அப்படித்தான். எனவே தசம மதிப்பைக் கொடுத்தால் அளவில் இம்மியும் இழப்பில்லை. ஆனால் வேறொன்றை இழப்போம். ‘இரண்டே முக்காலே மூன்று மா’ என்று கணக்கர் எழுதியதை 2.9 என்று மட்டும் பதிந்தால், அவர் அந்த எண்ணை எப்படிக் கட்டினார் என்பது மறைந்துபோகும். அவர் எங்கே தவறினார் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கல்வெட்டுகளில் கூட்டுத்தொகை பொருந்தாத இடங்கள் இருக்கும். அவை வெட்டியவரின் பிழையா, படித்தவரின் பிழையா என்று அறிய ஒவ்வொரு துண்டும் தனித்தனியே வேண்டும். வெளியே முழு மதிப்பு, உள்ளே துண்டுகளின் மதிப்பு என்று அடுக்காகக் குறிப்பதே சரி. உழைப்பு இரட்டிப்பாகும் என்ற மறுப்பு வரும். வரட்டும். அந்த உழைப்பு தேவைப்படுவது நிலக்கணக்குகளுக்குத்தான். எல்லாக் கல்வெட்டுக்கும் கட்டாயமாக்க வேண்டியதில்லை.

அடுத்தது, அலகுக்கு இயல்பான மதிப்பு ஒன்றை வைப்பதா என்பது. மா என்றால் நூறு குழி என்று எங்காவது ஒரு பொதுவான கோப்பில் எழுதிவைத்து எல்லோரும் அதையே சுட்டினால் வேலை எளிது. இன்றைய டெல்டாவில் அது ஓரளவு உண்மையும்கூட. கும்பகோணத்துப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ நிலம் பேசுகிறவர்கள் மா என்றால் 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர் என்றே புரிந்துகொள்கிறார்கள். மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்றுதான் விளைச்சலைக் கேட்கிறார்கள். ஆனால் அந்த 33 சென்டை எடுத்துப் பதினோராம் நூற்றாண்டின் மேல் போர்த்தினால் வரலாறு கெட்டுவிடும். 256 குழி கொண்ட மாவையும் நூறு குழி கொண்ட மாவையும் ஒரே எண்ணாக்கிக் கூட்டினால், விளைச்சல், வரிச்சுமை, மக்கள்தொகை என்று அதன்மேல் கட்டும் எல்லா மதிப்பீடும் சாயும். இன்றைக்கே ‘மூட்டை’ என்ற அலகு நிற்காது: அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ; களத்தில் வியாபாரியிடம் பேசும்போது 60 கிலோ மூட்டையும் உண்டு. பக்கத்துப் பக்கத்து இடங்களில் ஒரே நாளில் இவ்வளவு வேறுபாடு என்றால், ஆயிரம் ஆண்டில் மரக்கால் எத்தனை முறை மாறியிருக்கும்! அதனால் ‘மா’ என்ற ஒரே அலகைப் பதியக்கூடாது. ‘நூறு குழி மா’, ‘256 குழி மா’ என்று தனித்தனி அலகுகளாக, ஒவ்வொன்றுக்கும் கோல், இடம், காலம், சான்றுக் கல்வெட்டு ஆகியவற்றோடு பதிய வேண்டும். மரக்காலும் அப்படியே. ஆடவல்லான் ஓர் அலகு. இராசகேசரி ஓர் அலகு. இரண்டும் ஒன்று என்று கல்வெட்டே சொல்வதால் அவற்றுக்கிடையே சமம் என்ற சூத்திரம். லிட்டரில் எவ்வளவு என்பது தனியாக, அதைச் சொன்ன ஆய்வாளரின் பெயரோடு வர வேண்டும். கல்வெட்டு சொன்னதும் ஆய்வாளர் கணித்ததும் ஒரே அறையில் இருக்கக்கூடாது.

மூன்றாவதாகவும், எனக்கு மிக முக்கியமாகவும் படுவது, மரக்காலின் பெயர் சொல்லப்படாத இடங்கள். கல் உடைந்து பெயர் போயிருக்கலாம். ஊருக்கெல்லாம் தெரிந்ததுதானே என்று எழுதாமலும் விட்டிருக்கலாம். இந்த இரண்டும் ஒன்றல்ல. முதலாவது இழப்பு, இரண்டாவது அந்த ஊரில் ஒரே மரக்கால்தான் புழங்கியது என்பதற்குக் குறிப்பாகவும் இருக்கக்கூடும். மார்க்கப் எழுதும்போது வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பத் தோன்றும். சரிபார்க்கும் மென்பொருளும் அலகு எங்கே என்று சிவப்புக் கோடு போட்டுக் கேட்கும்படி அமைக்கலாம். அந்த அழுத்தத்தில் அருகிலுள்ள கல்வெட்டின் மரக்காலை எடுத்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த தலைமுறை அதைச் சான்று என்று எடுத்துக்கொள்ளும். ‘சொல்லப்படவில்லை’ என்பதும் ‘அழிந்துவிட்டது’ என்பதும் அலகின் இடத்தில் தனித்தனி விடைகளாக ஏற்கப்பட வேண்டும். முன்மொழிவில் நான் விட்டுக்கொடுக்காமல் வாதாடக்கூடிய பகுதி இதுதான்.

வேலையை எங்கே தொடங்குவது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெரிய கோயிலின் நிலக்கணக்குக் கல்வெட்டுகள் ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் மொத்த நிலமும் கழிவுகளும் மிச்சமும் ஊர்வாரியாக உண்டு. இறை நெல்லும் உண்டு. மரக்காலின் பெயரும் உண்டு. கூட்டிச் சரிபார்க்கத் தக்க கணக்கு என்பதால், குறிக்கும் முறையில் பிழை இருந்தால் முதல் ஊரிலேயே தெரிந்துவிடும். பிறகு காசும் பணமும் வராகனும் கலந்து வரும் மராட்டியர் காலத்துக் கணக்குகளுக்குப் போகலாம். அவை இன்னும் சிக்கலானவை, அலகுகள் அங்கே இன்னும் வேகமாக மாறும். காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் வரும் வாய்ப்பாடுகளையும் அலகு அறிவிப்புகளாக எழுதிப் பார்க்கலாம். ஆனால் அவை பாடநூல் சொல்லும் அலகுகள் என்று தனியே அடையாளமிட வேண்டும். களத்தில் அளந்தவர் கையிலிருந்த மரக்கால் பாடநூலின்படியே இருந்தது என்பதற்கு உறுதி இல்லை.

தஞ்சையில் ஒரு பல்கலைக்கழகமும் ஒரு பெரிய சுவடி நூலகமும் இருக்கின்றன. கல்வெட்டு படிப்பவர்கள் ஒரு கட்டடத்தில், கணினி அறிந்தவர்கள் இன்னொரு கட்டடத்தில் இருக்கிறார்கள். இரு தரப்பும் ஒரே ஊரின் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தால் முதல் வரைவு வந்துவிடும். டெஐ குழுவுக்கு அனுப்ப அது போதும். அங்கிருந்து கேள்விகள் வரும்: ஒரே ஊரில் இரண்டு கோல் புழங்கியதற்குச் சான்று என்ன, ‘கீழ்’ என்பதை எண்ணாகக் குறிப்பதா, வகுக்கும் செயலாகக் குறிப்பதா, கோயில் மரக்காலும் ஊர் மரக்காலும் மோதும் இடத்தில் எதை முதலில் எழுதுவது என்று. அந்தக் கேள்விகளுக்கு விடை காவிரிக் கரையில்தான் இருக்கிறது. கல்லைப் படித்தவர்தான் பதில் எழுத வேண்டும்.